கழுகுக் கண்ணுக்கு ஒரு மானிட்டர்

கண்ணாடிக்காரர் மறுபடியும் சுவரைச் சுட்டார். சுவர் சாகாது. அதற்குப் பக்கத்தில் நின்ற எதிரி, அவசரமே இல்லாமல் திரும்பி, அவரைச் சுட்டுப் போட்டுவிட்டு நடையைக் கட்டினான்.

"அப்பா, அது சுவர்ப்பா," என்றாள் மகள். அவள் இருப்பது வேறொரு நகரத்தில். குரல் மட்டும் ஹெட்போன் வழியாகக் காதுக்குள்ளேயே கேட்டது.

"எனக்குத் தெரியாதா? இந்த மானிட்டர்ல எல்லாமே கலங்கலாத் தெரியுது."

"நான் அங்க இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"அப்ப புதுசு. இப்ப அதுக்கு வயசாயிடுச்சு."

வயசானது மானிட்டருக்குத்தான் என்று அவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே கடை. கண்ணைச் சோதிப்பது அவர், ஃபிரேம் விற்பது அவர் மனைவி. அந்தத் தெருவில் பாதிப் பேருடைய மூக்கில் உட்கார்ந்திருப்பது அவர்கள் கைவரிசைதான். அவர் மூக்கு மட்டும் ஐம்பத்து மூன்று வயதிலும் வெறும் மூக்கு. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்தே தீரும், சொந்தக்காரர்கள் மாதிரி, கூப்பிடாமலே வரும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். தன் வீட்டுக்கு மட்டும் அது வழி தெரியாமல் நிற்கிறது என்று அவருக்கு நினைப்பு. ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் கழுகு.

இந்த வயதில் துப்பாக்கி ஆட்டம் எதற்கு என்று கேட்டால், அதற்குக் காரணம் மகள்தான். வீட்டில் இருந்தவரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது "சாவி எங்க?", "ம்", "கதவச் சாத்து" என்ற அளவோடு சரி. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. இருவருக்கும் வாய் அப்படி. தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை கிடைத்து அவள் வெளியூர் போனபின், போன் வந்தால் "நல்லாருக்கியா, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். ஒரு விடுமுறையில் வந்தவள், தன் கம்ப்யூட்டரை அவருக்கே விட்டுவிட்டு, இந்த ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் இருவரும் போர்க்களத்தில்தான்.

அங்கேதான் அதிசயம் நடந்தது. குண்டுகள் பறக்கும்போது கண்ணாடிக்காரருக்குப் பேச்சு வந்தது. ஏதாவது மதிலுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, "அங்க குளிர் ஜாஸ்தியா?" என்பார். "உன் மேனேஜர் இன்னும் அப்படித்தான் கத்தறாரா?" என்பார். போனில் தொண்டையிலேயே நின்றுவிடும் கேள்விகள், கையில் துப்பாக்கி இருந்தால் தானாக வந்து விழுந்தன. மூன்று பேர் ஆடும் அணி அது. மூன்றாவது ஆள் மகளோடு வேலை செய்யும் பையன். ஆட்டத்தில் அவன் பெயர் தவளை. அவனிடம் மைக் இல்லை, ஒரு வார்த்தை பேச மாட்டான். நல்ல அடக்கமான பையன் என்று கண்ணாடிக்காரர் மெச்சிக்கொண்டார்.

இப்போது அந்த ஆட்டத்தில் அணிகளுக்கான பெரிய போட்டி வரப்போகிறது. "நாம மூணு பேரும்தானே?" என்று அவர் கேட்டார். மகள் கொஞ்சம் தயங்கி, "பாக்கலாம்ப்பா," என்றாள்.

அந்தப் "பாக்கலாம்" அவரைத் தூங்கவிடவில்லை. கடைக்கு வந்து இருபது ஃபிரேம் மாட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்று சொல்லிப் போனவர் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. மகளும் தவளையும் வேறு ஆளோடு போட்டிக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அப்புறம் மகளோடு பேச அவருக்கு ஏது வழி? ஆகவே சுவரைச் சுடுவதை நிறுத்தியாக வேண்டும், அதற்கு நல்ல மானிட்டர் வாங்கியாக வேண்டும் என்று முடிவு கட்டினார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி, ஃபிரேம்களைத் துடைத்தபடி.

"நீ விளையாடிப் பாத்திருக்கியா? பேசாத."

அன்றிலிருந்து கடையில் வியாபாரம் பாதி, மானிட்டர் ஆராய்ச்சி பாதி. இருபத்தேழு இன்ச்சா, முப்பத்திரண்டா, இல்லை நாற்பத்து மூன்றாகவே போய்விடலாமா? 4K என்றால் திரையில் எண்பது லட்சத்துக்கும் மேலே புள்ளிகளாமே! ஒரு நொடிக்குப் படம் எத்தனை தடவை மாறும்? கறுப்பு நிஜமான கறுப்பா, இல்லை சாம்பலைக் கறுப்பு என்று ஏமாற்றுகிறார்களா? கண் சோதிக்க நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தப்பிக்க முடியவில்லை. பாவம், ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் லென்ஸ் மாட்டிய கனத்த சோதனை ஃபிரேமோடு அசையாமல் உட்கார்ந்து, புள்ளி நெருக்கம் பற்றிய பிரசங்கத்தை முழுசாகக் கேட்டார்.

"எனக்குப் பேப்பர் படிச்சாப் போதுங்க," என்றார் கடைசியில்.

"பேப்பரும் புள்ளிதான் சார்," என்றார் கண்ணாடிக்காரர், விடாமல்.

அளவு சரிவருமா என்று பார்க்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். கண்ணாடிக் கூடுகள் வந்த அட்டைப்பெட்டியை முப்பத்திரண்டு இன்ச்சுக்கு வெட்டி, மேசையில் பழைய மானிட்டருக்கு முன்னால் நிறுத்தினார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து அந்த வெறும் அட்டையின் முன் உட்கார்ந்து, கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தூசு தட்டும் துணியோடு வந்து அட்டையைத் துடைத்துவிட்டு, "படம் நல்லாருக்கு. சத்தம்தான் கொஞ்சம் கம்மி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைக்குப் போன அன்று அவளும் கூடவே கிளம்பினாள். தனியாக விட்டால் மனுஷன் சுவர் அகலத்துக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார் என்ற பயம்.

சேல்ஸ்மேன் பொறுமைசாலி. கழுத்தில் டை, முகத்தில் எதற்கும் அசையாத சிரிப்பு. "உங்க கிராபிக்ஸ் கார்டு 4K தாங்குமா சார்?" என்று கேட்டான். போன விடுமுறையில் மகள் புதிதாக மாட்டிக் கொடுத்த கார்டின் எண்ணைக் கண்ணாடிக்காரர் மனப்பாடமாக ஒப்பித்தார். அவன் மெச்சிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மானிட்டர்களிடம் கூட்டிப்போனான். இரண்டிலும் ஒரே கிளி ஒரே கொய்யாப்பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் முன்னால் குனிந்தார். பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்தார். மறுபடி குனிந்தார். பிறகு தீர்ப்புச் சொல்கிற குரலில், இடது பக்கத்து மானிட்டரைக் காட்டி, "இதுதான் 4K. சொல்லவே வேண்டாம். இறகை ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருக்கு," என்றார்.

சேல்ஸ்மேனின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் அசைந்தது. "அது சாதாரண எச்.டி. சார். மேல ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட நாங்க இன்னும் உரிக்கல. 4K அந்தப் பக்கம்."

"அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்," என்றார் கண்ணாடிக்காரர், குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவராக. "சாதாரணமே இப்படின்னா, 4K எப்படி இருக்கும்! அதையே கட்டுங்க."

மனைவி சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார். இடது பக்கத்துத் திரை பால் ஊற்றியது போல் மங்கியிருந்தது வாசலிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அதோடு, கோழி மாதிரி அவர் தலையை முன்னும் பின்னும் இழுத்ததையும் அவள் பார்த்துவிட்டாள். அந்தத் தலையிழுப்பை அவள் தன் கடையில் தினமும் பார்க்கிறவள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஆட்டோவில் ஏற்ற உதவினாள்.

புது மானிட்டர் மேசையை அடைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தது. மலை, வானம், எரியும் கட்டிடம் எல்லாம் பிரம்மாண்டம். ஆனால் எழுத்துகள் எறும்பாகிவிட்டன. புள்ளிகள் நெருக்கமாக ஆக ஆக எழுத்தும் சுருங்கும், நாமே செட்டிங்ஸுக்குள் போய்ப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். அந்த விஷயம் அவருக்கும் தெரியும், எங்கோ படித்திருந்தார். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன் எது என்று கண்டுபிடிக்க, அந்த எறும்பு எழுத்தைத்தானே படிக்க வேண்டும்? குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினார். ஆட்டம் முழுக்கப் புரியாத ஒரு பாஷைக்கு மாறியது. மகள் போனில் வழி சொல்லி அதை மீட்க வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்பைவிட மோசமாக ஆடினார். சுவர்களில் ஒன்றைக்கூட விடவில்லை.

"புது மானிட்டர் எப்படிப்பா?" என்றாள் மகள்.

"பிரமாதம்."

அவள் ஒரு எதிரியைச் சுட்டு முடித்தாள். பிறகு, "போட்டிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் பேர் குடுக்கக் கடைசி நாள். அப்ப சொல்றேன்ப்பா," என்றாள். கண்ணாடிக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எண்பது லட்சம் புள்ளிகளையும் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடை திறந்ததும் மனைவி அவரை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"எதுக்கு?"

"சும்மா. கடைசி வரியப் படிங்க."

எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டிக்குள் எழுத்து அட்டை ஒளிர்ந்தது. அவர் சலித்துக்கொண்டார். இந்த அட்டையை அவர் தினமும் காலையில் ஒரு தடவை படிப்பவர். ஒரு நாளும் ஒரு எழுத்தும் தப்பியதில்லை. அவர் கண்ணுக்கு அவரே கொடுத்துக்கொண்ட நற்சான்று அது.

"ப, ட, ம, ர, ச, வ," என்றார், தண்ணீர் குடிப்பது போல.

"அட்டைய மாத்திட்டேங்க," என்றாள் மனைவி.

கடையில் இரண்டு அட்டைகள் உண்டு. லைசென்சுக்கு வரும் சில டிரைவர்கள் எழுத்துகளை உருப்போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பிடிப்பதற்காக இரண்டாவது அட்டையை அச்சடித்து வைத்தவர் இதே கண்ணாடிக்காரர்தான். இன்று அதில் வசமாக மாட்டியவரும் அவர்தான். இப்போதுதான் அவர் நிஜமாகவே கடைசி வரியைப் பார்த்தார். அங்கே ஏதோ ஒரு கறுப்புக் கோடு இருந்தது. கையில் பிடித்துப் படிக்கும் சின்ன அட்டையையும் மனைவி நீட்டினாள். அதை அவர் கை நீளும் அளவுக்கு நீட்டிப் பார்த்தார். கை போதவில்லை.

"ஊருக்கெல்லாம் உபதேசம்," என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டாள்.

"அவ என்னை விட்டுடுவா போல இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர், அட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

"போட்டிக்குத்தானே? விட்டா விடட்டும். போன்ல பேசுங்களேன்."

"போன்ல எனக்கு வர மாட்டேங்குதும்மா. என்ன பேசறதுன்னே தெரியல. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி அவள் கேட்டதில்லை.  "முதல்ல கண்ணப் பாப்போம்," என்று லென்ஸ் பெட்டியைத் திறந்தாள். லென்ஸை அவள் மாற்ற மாற்ற, "இதுவா, அதுவா?" என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டார். தூரத்துக்குக் கொஞ்சம், கிட்டத்துக்கு நிறைய, இரண்டுக்கும் நடுவே கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒன்று என்று கணக்கு வந்தது.

ஃபிரேம் தேர்ந்தெடுக்கும்போது அவர் உலகத்திலேயே மோசமான வாடிக்கையாளராக இருந்தார். "முகம் வயசானதாத் தெரியுதா? மூக்குல தடம் விழுமா? இதப் போட்டுப் பழகிட்டா அப்புறம் கழட்டவே முடியாதாமே?" பிறர் கேட்டபோதெல்லாம் அவர் சிரித்த கேள்விகள் அத்தனையையும் வரிசையாகக் கேட்டார். "வாத்தியார் மாதிரி கம்பீரமா இருக்கீங்க," என்று மனைவி பொய் சொல்லி ஒரு கறுப்பு ஃபிரேமைத் தலையில் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குள் போனவர், வாயைப் பிளந்தார். மரத்தில் இலை இருந்தது! ஜன்னலுக்குக் கம்பி இருந்தது. அவர் பச்சைக் குப்பைத்தொட்டி என்று நினைத்திருந்தது தவளை. எழுத்தைப் பெரிதாக்கும் பட்டனும் ஒரே நிமிடத்தில் அகப்பட்டது. கண்ணாடி போட்டதை மகளிடம் சொல்லவில்லை. இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்திவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று ஆசை.

அப்போதுதான் திரையின் இடது மூலையைக் கவனித்தார். அங்கே சாம்பல் நிறத்தில் ஏதோ பொடிப்பொடியாக முளைத்து மேலே ஏறி மறையும். இத்தனை நாளும் அதைப் புல் என்று நினைத்திருந்தார். அது எழுத்து. அடக்கமான பையன் தவளை விடாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கழுகார் இன்னிக்கு எந்தச் சுவர்?" என்றிருந்தது முதல் வரி.

"வாய மூடு," என்று மகளின் பதில் அதன் கீழே முளைத்தது.

"மூடித்தான் இருக்கேன், டைப்தானே அடிக்கறேன். அவரு இதையெல்லாம் படிக்கவே மாட்டாரே. சரி, போட்டிக்கு இன்னிக்குக் கடைசி. அவரு இடத்துக்கு நம்ம லேப் மேல்மாடி மேடம் ரெடி. அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

கண்ணாடிக்காரர் ஒரு தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். காதில் மகளின் குரல், "அப்பா, வலது பக்கமா வாங்க, அங்க யாரும் இல்ல," என்று கலகலப்பாகச் சொன்னது. மூலையில் அவள் விரல்கள் வேறு ஏதோ எழுதத் தொடங்கியிருந்தன. எட்டிப் பார்ப்பது தப்பு என்று தெரிந்தும் அவர் பார்வையை எடுக்கவில்லை.

"சொல்ல வாய் வரல," என்று வந்தது.

"கோச்சுக்குவாரா?"

"கோச்சுக்கிட்டாப் பரவாயில்லடா. வர்றத நிறுத்திட்டாருன்னா? வீட்ல இருந்த வரைக்கும் அப்பா என்கிட்ட பேசினதே இல்ல. இங்க வந்தாத்தான் குளிருதா, சாப்டியான்னு கேக்கறாரு. அதுக்காகத்தான் நான் விளையாடறதே. தோத்தா என்ன இப்ப?"

புதுக் கண்ணாடியிலும் எழுத்து கலங்கியது. இந்தத் தடவை மானிட்டரைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இந்தப் பெண் தனக்காக வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைக்க வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தபோது, எதிர் மாடியில் ஒருவன் மகளைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். டைப் அடித்துக்கொண்டிருந்தவள் கவனிக்கவில்லை. கண்ணாடிக்காரர் சுட்டார். அவன் மாடியிலிருந்து தலைகீழாக விழுந்தான்.

"யாரு சுட்டது???" என்று மூலையில் கேட்டான் தவளை.

கண்ணாடிக்காரர் கீபோர்டின் மேல் குனிந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார். "அப்பா" என்று முளைத்தது.

ஆட்டத்தில் மகள் திரும்பி நடுத்தெருவுக்கு வந்து நின்றாள். பிறகு மகள் மெல்ல, "அப்பா... மேல இருந்து எல்லாத்தையும் படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சேன். கண்ணாடி போட்டுட்டேன்."

"அய்யோ அப்பா, நான் வந்து..."

"இரு, நான் சொல்றேன். போட்டிக்கு அந்த மேல்மாடி மேடத்தையே சேத்துக்கோ. ஜெயிக்கற வழியப் பாரு. நான் ஒருத்தனச் சுடறதுக்குள்ள ஊர்ல இருக்கற சுவரெல்லாம் காலி."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "அப்ப நீங்க வர மாட்டீங்களா?"

 குண்டுச் சத்தம் நின்றிருந்தது, பதுங்கிக்கொண்டு பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நடுத்தெருவில் அவளுக்கு எதிரே நின்றார்.

"வருவேன். ஆனா நீ ஆட்டம் இல்லாதப்பவும் போன் பண்ணு. அம்மாகிட்ட குடுக்க மாட்டேன்."

"நெஜமாவா? என்ன பேசுவீங்க?"

"தெரியல. நீ ஏதாவது சொல்லு, நான் கேக்கறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தங்கியிருக்கும் அறையில் குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீரைச் சோதிக்கிறவள் வீட்டிலேயே இப்படியா என்று அவர் கேட்டார். கண்ணைச் சோதிக்கிறவர் மட்டும் ரொம்ப ஒழுங்கோ என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் எங்கிருந்தோ ஒருவன் ஓடிவந்து, திறந்த வெளியில் நின்ற இருவரையும் ஆளுக்கு ஒரு குண்டாகச் சுட்டுவிட்டுப் போனான். "ரெண்டு பேரும் செத்துட்டீங்க!!" என்று மூலையில் தவளை அலறினான். அவர்கள் அதைப் படிக்கவில்லை, வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாயைப் பற்றி எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.